உடலுக்கும் ஒரு பேரேடு: நீரிழிவு கொண்டோர்க்குத் திறன்பேசி ஆற்றும் துணை

(விழா நாளன்று ஆற்றப்பெற்ற மருத்துவ விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



கடை நடத்துவோர் எவரும் கணக்கெழுதாமல் கடையை மூடுவதில்லை. அன்றைய வரவும் செலவும் நாட்குறிப்பில் ஏறும். நாட்குறிப்பிலிருந்து பேரேட்டுக்குச் செல்லும். ஆண்டு முடிவில் ஐந்தொகை கணிக்கப்பெறும். எங்கே இழப்பு நேர்ந்தது என்பதைப் பேரேடு காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை கருத்தாகச் சரக்குக்குக் கணக்கு வைக்கும் மனிதர், தம் உடலுக்கு மட்டும் கணக்கு வைக்க மறந்துவிடுகிறார். நீரிழிவோ கணக்குத் தவறினால் பொறுத்துக்கொள்ளாத நோய். உண்ட உணவு, நடந்த நடை, விழுங்கிய மாத்திரை, உறங்கிய உறக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தே இரத்தத்தில் சர்க்கரையின் அளவைத் தீர்மானிக்கின்றன. அவற்றை எழுதிவைக்கும் பேரேடாக இன்று ஒவ்வொருவர் கையிலும் திறன்பேசி இருக்கிறது. அதை முறையாகப் பயன்கொள்வது எவ்வாறு, எங்கே அதை நம்பலாகாது என்பதே இவ்வுரையின் பொருள்.

நோயின் பரப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில், சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் நீரிழிவின் வாயிலில், அதாவது முன்நிலையில் நிற்கின்றனர். இவர்களுள் பலர் தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். சர்க்கரை கூடும்போது உடல் வலிப்பதில்லை. அதுவே இந்நோயின் வஞ்சகம். கண்ணின் திரையிலும், சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும், பாதத்தின் நரம்புகளிலும் அது ஓசையின்றித் தன் வேலையைச் செய்கிறது. பார்வை மங்கிய பின், பாதத்தில் ஆறாத புண் தோன்றிய பின் மருத்துவரை நாடுவோர் இன்றும் மிகுதி.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டு தொடங்கி, 1998ஆம் ஆண்டு முதன்மை முடிவுகள் வெளியான நெடிய ஆய்வொன்று மருத்துவ உலகுக்கு ஒரு நற்செய்தி தந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 1 விழுக்காட்டுப் புள்ளி தாழ்வாக இருந்தவர்களிடம், கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்ச் சேதங்கள் 37 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டன. எட்டு ஏழாவது சிறிய மாற்றந்தான். அந்தச் சிறிய மாற்றம் ஒருவருடைய பார்வையைக் காக்க வல்லது.

8,759 மணி நேரம்

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் மருத்துவரிடம் அமர்ந்தாலும் ஆண்டு முழுவதும் சேர்ந்து 1 மணி நேரமே ஆகிறது. எஞ்சிய 8,759 மணி நேரமும் நோயாளி தாமே தமக்கு மருத்துவர். எத்தனை இட்லி உண்பது, மாலையில் நடப்பதா வேண்டாவா, வெளியூர்ப் பயணத்தில் மாத்திரையை எப்போது விழுங்குவது ஆகிய முடிவுகளை அவரேதான் எடுக்கிறார். அந்த முடிவுகளுக்குத் துணை நிற்பதே செயலியின் பணி. அப்பணியை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, குறித்துவைத்தல். காகிதக் குறிப்பேடு தவறன்று. ஆனால் மருத்துவரைக் காணச் செல்லும் முந்தைய இரவில் முப்பது நாள் அளவுகளையும் ஒரே மையால், ஒரே மூச்சில் எழுதி நிரப்பிய ஏடுகளை மருத்துவர்கள் நன்கறிவர். இன்றைய குளுக்கோமீட்டர்கள் பல, விரல்நுனிக் குருதியைச் சோதித்தவுடன் அளவைத் தாமே திறன்பேசிக்கு அனுப்பிவிடுகின்றன. நாளும் நேரமும் பிழையின்றிப் பதிவாகின்றன. கூட்டவும் குறைக்கவும் அங்கே இடமில்லை.

இரண்டாவது, நினைவூட்டல். மாத்திரை, இன்சுலின், சோதனை, நடை ஆகியவற்றுக்கு மணி ஒலிக்கச் செய்யலாம். அதனினும் பயனுள்ளவை ஆண்டுக்கொரு முறை வரும் நினைவூட்டல்கள். விழித்திரைச் சோதனை, சிறுநீரில் புரதச் சோதனை, பாத நரம்புச் சோதனை மூன்றும் ஆண்டுதோறும் செய்யப்பட வேண்டியவை. மிகுதியாக மறக்கப்படுபவையும் அவையே.

மூன்றாவது, போக்கைக் காட்டுதல். ஒற்றை எண்ணால் பயன் சிறிது. பல எண்கள் வரைபடமாகும்போது உண்மை புலப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு மதியமும் மாலையும் அளவு சீராக இருந்து, விடியற்காலை வெறும் வயிற்றில் மட்டும் 160, 170 என ஏறி நிற்கலாம். இன்னொருவருக்கு வெறும் வயிற்றில் சீராக இருந்து காலை உணவுக்குப் பின் மட்டும் ஏறலாம். முன்னவருக்கு மருந்தின் வகையையோ நேரத்தையோ மருத்துவர் மாற்ற நேரிடும். பின்னவருக்குத் தட்டில் மாற்றம் போதுமானதாக இருக்கலாம். இருவரின் எச்.பி.ஏ.1சி அளவும் ஒன்றாகவே இருக்கக்கூடும். சராசரி மறைப்பதை வரைபடம் வெளிப்படுத்துகிறது.

நான்காவது, மருத்துவரோடு இணைத்தல். பதிவான அளவுகளை ஒரே தாளாகத் தொகுத்து மருத்துவருக்கோ நீரிழிவு ஆலோசகருக்கோ அனுப்பும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. நான்கினுள் இதுவே தலையாயது. காரணம் பின்வரும் ஆய்வுகளால் விளங்கும்.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 163 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு 2011ஆம் ஆண்டு வெளியாயிற்று. கைப்பேசி வழி அறிவுரை பெற்று, தம் அளவுகள் மருத்துவருக்கும் பகுப்பாய்வோடு சென்றுசேரும் ஏற்பாட்டில் இருந்தோருக்கு, ஓராண்டில் எச்.பி.ஏ.1சி சராசரியாக 1.9 புள்ளி குறைந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருக்கு 0.7 புள்ளியே குறைந்தது.

சென்னைக்குப் பெருமை சேர்த்த ஆய்வும் ஒன்றுண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு, தென்னிந்தியத் தொழில் நிறுவனங்களில் பணியாற்றிய, நீரிழிவின் முன்நிலையில் இருந்த 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து அனுப்பப்பட்டன. மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் வழங்கிய அறிவுரையோடு சரி. 2013ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, குறுஞ்செய்தி பெறாதவர்களுள் 27 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. பெற்றவர்களுள் 18 விழுக்காட்டினருக்கே வந்தது. விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை; சாதாரணக் கைப்பேசிக்கு வந்த இரண்டு வரிச் செய்தி. இந்திய அரசும் 2016ஆம் ஆண்டு, நீரிழிவு பற்றிய அறிவுரைகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது.

இவ்விரு ஆய்வுகளிலும் கருவிக்குப் பின்னால் மனிதர் இருந்தனர். அறிவுரையை எழுதியவர் மருத்துவர். அளவைக் கண்டு மருந்தை மாற்றியவரும் மருத்துவர். எவர் கண்ணிலும் படாத எண்கள் திறன்பேசியில் ஆயிரக்கணக்கில் குவிந்தாலும் சர்க்கரை ஒரு புள்ளியும் இறங்குவதில்லை.

தட்டும் எண்ணும்

பெரும்பான்மை நடுத்தர வயதினருக்கு உணவுக்கு முன் 80 முதல் 130 மில்லிகிராம் வரையிலும், உணவு தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் 180க்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு. முதியோருக்கும் இதய நோய் உடையோருக்கும் இலக்கை மருத்துவர் தளர்த்தித் தருவார். தமக்குரிய இலக்கை மருத்துவரிடம் கேட்டறிந்து செயலியில் பதித்துக்கொள்வதே முதல் வேலை.

அடுத்து, சோதனையை இணையாகச் செய்யும் பழக்கம். உணவுக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. காலையில் 118 இருந்தவருக்கு நான்கு இட்லியும் சர்க்கரை இட்ட காப்பியும் உண்ட பின் 212 காட்டுகிறது எனக் கொள்வோம். மறுநாள் அவர் இரண்டு இட்லி, காய்கள் நிறைந்த சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல், சர்க்கரையில்லாக் காப்பி என மாற்றுகிறார், 160 காட்டுகிறது. எந்த நூலும் எந்த அறிவுரையும் இவ்வளவு தெளிவாக அவருக்குப் பாடம் சொல்லியிருக்காது. அது அவருடைய உடல் அவருக்கே எழுதிய விடை.

செயலிகளின் உணவுப் பட்டியலில் கவனம் தேவை. பல செயலிகள் வெளிநாட்டு உணவை அடிப்படையாகக் கொண்டு உருவானவை. ரொட்டித் துண்டுக்கு அளவுண்டு. தோசைக்கு ஏது அளவு? ஒரு வீட்டுத் தோசை உள்ளங்கை அகலம். உணவு விடுதித் தோசை இலையை மீறி நீளும். ஆகவே வீட்டில் ஒரு கிண்ணம், ஒரு கரண்டி என நிலையான அளவை வைத்துக்கொண்டு, அதையே செயலியில் சொந்த உணவாகப் பதிந்துகொள்ளல் நலம். சிறுதானியம் என்ற பெயர் கேட்டவுடன் அளவின்றி உண்பாரும் உளர். கேழ்வரகும் மாவுச்சத்துதான், நைசாக அரைத்துக் கூழாக்கினால் விரைந்து செரித்துச் சர்க்கரையை விரைந்தே ஏற்றும். கிழங்கு வகைகளை விலக்கும் இல்லங்களில் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து இல்லை என்பது மெய்யே. அரிசியும் கோதுமையும் விழாக்கால இனிப்பும் அங்கே உண்டு என்பதும் மெய்யே.

நோன்பு நாட்களில்

இங்குள்ள அன்பர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய இடம் இது. செயலியின் மணி நோன்பை அறியாது. நாள்தோறும் காலை எட்டு மணிக்கு மாத்திரையை நினைவூட்டப் பழகிய அது, உபவாச நாளிலும் அதே மணிக்கு ஒலிக்கும். உணவின்றி அம்மாத்திரையை விழுங்கினால் விளைவு கேடாக முடியலாம்.

எல்லா மாத்திரைகளும் ஒரே தன்மையன அல்ல. மெட்ஃபார்மின் தனித்து உட்கொள்ளப்படும்போது சர்க்கரையை மிகத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும் இன்சுலினும் உணவில்லாத வேளையிலும் சர்க்கரையைக் கீழிறக்கிக்கொண்டே இருக்கும். டாபாகிளிஃபிளோசின் போன்ற மாத்திரைகள் சிறுநீரின் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை; நீரும் அருந்தாத நீண்ட நோன்பில் இவை உடலை வறளச் செய்வதோடு, இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தையும் விளைவிக்கலாம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்போருக்கு, நோன்பில்லா நாளிலும் மறுநாள் காலை உணவு வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி அமைகிறது. இரவு இன்சுலின் இட்டுக்கொள்வோர் இவ்வழக்கத்தை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

எனவே நோன்புக் காலத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, எந்த மருந்தை நிறுத்துவது, எதைக் குறைப்பது எனக் கேட்டு, அதன்படி நினைவூட்டல்களை மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். நோன்பின் நடுவே விரலில் குத்திச் சோதிப்பது உணவன்று. அதைத் தவிர்க்கக் காரணமில்லை. அளவு 70க்குக் கீழ் வந்தால் நோன்பை முடித்துக்கொள்வதே மருத்துவம் கூறும் வழி. இன்சுலினை நம்பி வாழும் முதல் வகை நீரிழிவினர் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி நோன்பேற்கலாகாது.

தாழ்நிலை என்னும் உடனடி ஆபத்து

சர்க்கரை கூடுவது ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். தாழ்வது நிமிடக்கணக்கில் வீழ்த்தும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும்பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். 70க்குக் கீழிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருக வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்; ஏறவில்லையேல் மீண்டும் அதுவே. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. 108ஐ அழைக்க வேண்டும். திறன்பேசியின் பூட்டைத் திறக்காமலே பிறர் காணும்படி நோயின் பெயர், மருந்து, உறவினர் எண் ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் வசதி உண்டு. பேருந்தில் மயங்கி விழுந்தவரைக் காப்பது சில வேளை அந்த மூன்று வரிகளே.

எங்கே நம்பலாகாது

இன்சுலின் அளவைக் கணித்துச் சொல்லும் 46 செயலிகளை இலண்டன் ஆய்வாளர்கள் சோதித்து 2015ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 31 செயலிகள் தவறான அளவைப் பரிந்துரைக்கும் வாய்ப்புடையனவாக இருந்தன. இன்சுலின் அளவை மருத்துவர் ஒப்பாத செயலியிடம் கேட்பது ஒருபோதும் தகாது.

தோலைத் துளைக்காமலே சர்க்கரையைக் காட்டும் எனக் கடிகாரங்களும் மோதிரங்களும் விற்பனைக்கு வருகின்றன. அத்தகைய எதற்கும் தாம் ஒப்புதல் வழங்கவில்லை என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி மருந்தை மாற்றுவது உயிரோடு விளையாடுவதாகும். கையின் மேற்பகுதியில் ஒட்டி இரண்டு வாரம் வரை அணியும் உணர்கருவி வேறு. அதன் நுண்ணிழை தோலுக்கடியில் உள்ள நீரில் சர்க்கரையை அளக்கிறது. அது நம்பத்தக்கது, எனினும் இரத்தத்தின் மாற்றம் அங்கே சில நிமிடம் பிந்தியே தெரியும். அதை அணிவோர் 70 முதல் 180 வரையிலான எல்லைக்குள் நாளின் 70 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம் நிற்க முயல வேண்டும். விலை மிகுதியாதலால் எல்லோருக்கும் அது தேவையில்லை. இன்சுலின் இடுவோருக்கும் அடிக்கடி தாழ்நிலை காண்போருக்கும் பெரிதும் உதவும்.

சிறு பிழைகளும் பெரும் குழப்பம் தரும். செயலியில் அளவை அலகு மாறியிருந்தால் 126 என்பது 7 எனத் தோன்றும். 18 ஆல் பெருக்கிப் பார்த்தால் விளங்கும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் சோதித்தால் பழத்தின் சர்க்கரையும் கணக்கில் சேரும். காலாவதியான சோதனைப் பட்டை பொய் சொல்லும். 90 நாளில் மருந்தை விட்டுவிடலாம் எனக் கூவும் விளம்பரச் செயலிகளை நம்பி மருந்தைத் தாமே நிறுத்தியோர் ஆபத்தில் சிக்குவர். எடை குறைந்து மருந்து குறைவது உண்மையில் நிகழக்கூடியதே; அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

மற்றொன்று, அந்தரங்கம். ஒருவரின் நோய் விவரம் அவருடைய உடைமை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலின்றித் தரவைக் கையாள்வதைக் கட்டுப்படுத்த வகைசெய்கிறது. சர்க்கரை அளவைப் பதிய வந்த செயலி, தொலைபேசிப் பட்டியலையும் இருப்பிடத்தையும் ஏன் கேட்கிறது என வினவிய பின்னரே ஒப்புதல் அழுத்த வேண்டும்.

இல்லத்தாரின் பங்கு

முதியோருக்குச் செயலியைக் கற்பிக்கப் பேரப்பிள்ளைகளே தகுந்த ஆசிரியர்கள். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழாக்கி, தேவையற்ற அறிவிப்புகளை நிறுத்தித் தந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை. வெளியூரில் இருக்கும் மகன் செயலியில் அளவைக் கண்டு, "அம்மா, நேற்று ஜாங்கிரி சாப்பிட்டீர்களா?" என்று தொலைபேசியில் அதட்டினால், அடுத்த வாரம் முதல் அந்தத் தாய் சோதிப்பதையே நிறுத்திவிடுவார். கண்டனம் கேட்கக் கூசும் மனம் அளவை மறைக்கும்; மறைத்த அளவுக்கு மருத்துவம் செய்ய இயலாது. "இன்று பாதம் பார்த்தீர்களா அம்மா? நடந்துவிட்டு வந்து பேசுங்கள்" என்று கேட்கும் மகனால் அதே செயலி அன்பின் கருவியாகும். குற்றம் காண அன்று, வழி காணவே கணக்கு.

செய்யத்தக்கவை

இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர் இந்த வாரத்திலேயே சிலவற்றைத் தொடங்கலாம். மருத்துவரிடம் தம் இலக்கைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு செயலியைத் தேர்ந்து, முதல் மாதம் சர்க்கரை அளவை மட்டும் பதியலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுத முனைவோர் பத்தாம் நாள் சலித்துவிடுகின்றனர். வாரத்தில் இரண்டு நாள் உணவுக்கு முன்னும் பின்னும் சோதிக்கலாம். அடுத்த சந்திப்பில் அந்த ஒரு தாளை மருத்துவர் முன் வைக்கலாம். திறன்பேசி இல்லாதோர் ஒரு குயர் நோட்டில் இதையே செய்யலாம். பலன் சற்றும் குறையாது.

அறக்கட்டளையின் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, முதியோரின் திறன்பேசிகளில் நினைவூட்டல்களையும் அவசர விவரங்களையும் பதிந்து தருவார்களாயின், அது அன்னதானத்துக்கும் கல்விக்கொடைக்கும் நிகரான தொண்டாகும். ஒருவர் பார்வையோடு பேரனின் திருமணத்தைக் காண்பதும், இரு கால்களோடும் ஆலயப் படியேறுவதும் அத்தொண்டின் பயனாய் அமையலாம். அனைவரும் நோயின் கணக்கை நேர்செய்து, நலத்தின் இருப்பைப் பெருக்கி, நெடிது வாழ்க.